தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு ஏர்கன் வாங்கித் தரலாமா?

கொடுமுடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் கொடுமுடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் எங்கள் தோட்டத்துச் சாளையிலேயே இருக்கிறார்கள். பக்கத்து வீடு என்றால் இரண்டு தோட்டம் தள்ளித்தான். நடுவில் மஞ்சளும் கரும்பும். கரும்பு ஆள் உயரம் வந்துவிட்டால் அந்த வீட்டு விளக்குகூட இங்கிருந்து தெரியாது.

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருசம் எங்கள் சிவகிரிப் பக்கமே வயதான கணவன் மனைவி. அதற்கப்புறம் அப்பா ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்து கொள்கிறார் என்று அம்மா சொல்கிறார். "ஒரு துப்பாக்கி இருந்தாத் தைரியமா இருக்கும் சாமி" என்று போனில் கேட்டார்.

நிஜத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைப்பது லேசில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடையில் விசாரித்தபோது, 4.5 மி.மீ. குழல் உள்ள ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி என்றால் லைசென்ஸே வேண்டாம், ஆதார் நகல் போதும் என்றார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விசயம். அது ஒரு ஆளை நிறுத்துமா? அப்பா சுட்டுவிட்டால் சட்டம் அவரை என்ன செய்யும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

வாங்கிக் கொடுங்க தம்பி, யோசிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. ஊருக்கே தெரியும். வெளியாட்கள் வேலைக்கு வந்தால் அவர்கள் கண்ணில் படும். "அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்ற பேச்சுதான் பாதுகாப்பே. சுட வேண்டிய அவசியமே வராது. மோட்டார் ஒயர் திருட்டு எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணற்றிலும் நடந்தது, எங்கள் கிணற்றில் நடக்கவில்லை.

பத்துமீட்டர்:

நான் கோவையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் துப்பாக்கி எனக்குச் சோறு போடுவது, அதன் மேல் மரியாதை உண்டு. அதனால்தான் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: ஆளை நிறுத்தாது.

4.5 மி.மீ. ஈய பெல்லட்டின், அதாவது ஏர்கன் குண்டின், எடை ஏறக்குறைய அரை கிராம். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் ரைஃபிள் அதை வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஆற்றல் 8 ஜூல் வருகிறது. சட்டம் அனுமதிக்கும் உச்சம் 20 ஜூல். அதே அரை கிராமுக்கு வினாடிக்கு 280 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால்தான் அந்த உச்சத்தைத் தொடும். லைசென்ஸ் துப்பாக்கிகளில் மிகச் சிறியதான .22 ரைஃபிள் தோட்டாவே 140 ஜூல் அளவில் இருக்கும். 9 மி.மீ. பிஸ்டல் 450-க்கு மேல். 12 போர் வேட்டைத் துப்பாக்கி ஆயிரக்கணக்கில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த கிரிக்கெட் பந்து 60 ஜூல் வைத்திருக்கிறது.

அப்படியென்றால் ஏர்கன் பொம்மையா? அதுவும் இல்லை. பந்தின் ஆற்றல் உள்ளங்கை அகலத்தில் பரவுகிறது. பெல்லட்டின் ஆற்றலோ மிளகு அளவு இடத்தில் இறங்குகிறது. அதனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். சட்டை போட்ட முதுகில் பட்டால் வந்தவன் "ஆ" என்று கத்திவிட்டு இன்னும் கோபமாக வருவான். கண்ணில் பட்டால் பார்வை போகும், கண் குழி வழியாக மூளைக்குள் போய் உயிரே போன சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது, கெடுக்கக் கூடாத இடத்தைக் கெடுத்துவிடும். பாதுகாப்புக்கு இதைவிட மோசமான குணம் ஒரு ஆயுதத்துக்கு இருக்க முடியாது.

இன்னொன்று. ஸ்பிரிங் ரைஃபிள் ஒரே குண்டு. குழலை மடக்கி, ஸ்பிரிங்கை ஏற்றி, பெல்லட்டை விரல் நுனியில் பிடித்து வைத்து, குழலை மூட வேண்டும். மடக்கவே பத்துப் பதினைந்து கிலோ அழுத்தம் வேண்டும். எழுபது வயதில், இருட்டில், கை நடுங்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஏற்றியே வைத்துவிடலாமே என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அதைவிட, ஏற்றிய துப்பாக்கி வீட்டில் கிடப்பது பேரன் பேத்திக்கு ஆபத்து.

கேஸ் பிஸ்டல் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஓடுவது. குண்டு இரும்பு பால்ஸ், ஆற்றல் பெரும்பாலும் 2, 3 ஜூல்தான். சிலிண்டரை மாட்டியே வைத்தால் சீல் வழியாகக் கேஸ் கசிந்துவிடும். ஆறு மாதம் கழித்து எடுத்து அழுத்தினால் சத்தம்கூட வராது.

நொய்யல்கரை:

சார், கணக்கெல்லாம் சரி. திருடன் இருட்டில் நின்று ஜூல் கணக்கா போடப் போகிறான்? நீட்டினால் ஓடுவான். நான் சொல்வது அதைத்தான்.

பத்துமீட்டர்:

ஓடுகிறவன் விளக்கைப் போட்டாலே ஓடுவான் அண்ணா. ஒயர் திருட வந்தவன், தேங்காய் திருட வந்தவன் எல்லாம் அந்த ரகம். கொடுமுடித் தம்பி பயப்படுவது அவர்களுக்கு இல்லை. இரும்புக் கம்பியோடு நாலு பேராக, முடிவு பண்ணி வருகிறவர்களுக்கு. அவர்கள் முன்னால் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினால் நீட்டியவரைத்தான் முதலில் அடிப்பார்கள்.

பவானி வக்கீல்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டிய சமாச்சாரம்.

1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் வெடிமருந்தில் சுடுவது மட்டும் இல்லை. வேறு எந்த ஆற்றலால் குண்டைத் தள்ளினாலும் துப்பாக்கிதான். ஆகவே ஏர்கன்னும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2016-இல் வந்த ஆயுத விதிகள், 20 ஜூலுக்கும் 4.5 மி.மீ. குழலுக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்கு லைசென்சிலிருந்து விலக்குக் கொடுக்கின்றன. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 5.5 மி.மீ. குழல் என்றால் சக்தி எவ்வளவு குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். 4.5 வாங்கி, பட்டறையில் கொடுத்துப் பெரிய ஸ்பிரிங் போட்டு 20 ஜூலைத் தாண்டவைத்தாலும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்குதான் வரும். "கொஞ்சம் பவர் ஏத்தித் தர்றேன்" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்பதால் சுட்டால் கேள்வி இல்லை என்று ஆகாது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. சூரியன் மறைந்த பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைகிறவன், கொள்ளையடிக்கிறவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறவன், இவர்களுக்கு எதிராக உயிர் போகும் அளவுக்குக்கூட உரிமை உண்டு என்று 41-வது பிரிவு சொல்கிறது. ஆனால் 37-வது பிரிவை விட்டுவிட்டு இதை மட்டும் படிக்கக் கூடாது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே இல்லை.

நம் ஊர் நிலவரத்தில் வைத்துப் பாருங்கள். தென்னந்தோப்பில் ஒருவன் நிற்கிறான், கையில் தேங்காய் மூட்டை. அவன் வீட்டுக்குள் வரவில்லை. அது அத்துமீறலும் திருட்டும். அவன் முகத்தைப் பார்த்து ஏர்கன்னால் சுட்டு ஒரு கண் போய்விட்டது என்றால், ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போவது 116-வது பிரிவின்படி கொடுங்காயம். சுடும் கருவியால் கொடுங்காயம் என்பது 118(2). குறைந்தது ஒரு வருடம், பத்து வருடம் வரையும் போகலாம், ஆயுள் தண்டனைக்கும் இடமுண்டு. தற்காப்புக்காகச் செய்தேன் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சுட்டவர் தலையில். வீட்டை உடைத்து உள்ளே வந்தவன் வெளியே ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் சுட்டால் கேஸ் இன்னும் பலவீனமாகிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சமே போதும், அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொன்னது. கதவை உடைத்து வருகிறவனைக் கடப்பாரையால் அடித்துச் சாய்த்த பெரியவரைச் சட்டம் கைவிடாது. அவருக்கு வழி இருக்கிறது. ஏர்கன்னைக் கையில் எடுத்தவர் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும் முன்பே தூரத்திலிருந்து சுட்டுவிடுகிறார். அங்கேதான் வழக்கு அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

அவிநாசி அக்கா:

எங்கள் அம்மா சேவூர்ப் பக்கம் தனியாக இருக்கிறார். இதே யோசனை எங்கள் அண்ணனுக்கும் வந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். ராத்திரி கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் கையில் ஒன்றும் இல்லாத அம்மா கதவைத் திறக்க மாட்டார். கையில் துப்பாக்கி இருந்தால் "யாருன்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்று வெளியே போவார். ஏர்கன் மனசுக்குக் கொடுக்கும் தைரியம் வெளியே போகிற தைரியமாக மாறுவதுதான் எனக்குப் பயம். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறவர்தான் பிழைப்பார்.

கொடுமுடித் தம்பி, உங்கள் அப்பா கேட்பது துப்பாக்கியை இல்லை என்று தோன்றுகிறது. ராத்திரியில் ஏதாவது நடந்தால் யாராவது வருவார்கள் என்ற உறுதியைக் கேட்கிறார். அதை வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள்.

தாராபுரம் கால்நடை:

நான் கால்நடை மருத்துவர். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய ஏர்கன் எங்கே சுடுகிறது என்று எனக்குத் தெரியும். நாய் மேல். எக்ஸ்ரே எடுத்தால் தோலுக்கடியில் பெல்லட் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பக்கத்துத் தோட்டத்து நாய், தெருநாய், சில நேரம் அவரவர் வீட்டு நாயே. தண்டுவடத்தில் ஏறி பின்கால் இரண்டும் இழுத்துக்கொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அடுத்தது மயில்.

மயில் வெள்ளாமையை அழிக்கிறது என்பது உண்மை. நிலக்கடலை போட்டவரிடமும் தக்காளி போட்டவரிடமும் கேட்டால் அழாத குறையாகச் சொல்வார்கள். ஆனால் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர்கன்னால் சுட்டது என்பதால் சலுகை ஒன்றும் கிடையாது, சிறைதான். காட்டுப்பன்றி விசயத்திலும் அப்படியே. சுடும் அனுமதி வனத்துறை ஆட்களுக்குத்தான், நமக்கு இல்லை. எட்டு ஜூல் பெல்லட் பட்ட பன்றி சாகாது, வெறி பிடித்து அடுத்த நாள் தண்ணீர் கட்டப் போகிற ஆளைக் கிழிக்கும்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்னை ஒப்படைக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்தியது. பறவைகள் அற்றுப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் ஒன்று இருந்தால் அது எதையாவது சுட்டுக்கொண்டுதான் இருக்கும். திருடன் வருவது எப்போதோ. மயில் தினமும் வருகிறது.

நொய்யல்கரை:

டாக்டர் சொல்வதை மறுக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் பையன்கள் குருவி, உடும்பு என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டார்கள். ஆனால் நல்ல ஆள் கையில் இருந்தால் அப்படி ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடிக்காரி:

கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நல்ல ஆள் கையில் இருந்த துப்பாக்கி, லீவுக்கு வந்த பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது அண்ணா. எங்களிடம் வரும் பெல்லட் காயத்தில் திருடனைப் பார்த்ததே இல்லை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள். மாமா பையன் குறி பார்த்தான், டின் மேல் பட்டுத் திரும்பி வந்தது, இப்படித்தான் சொல்வார்கள். இரும்பு பால்ஸ் கடினமான இடத்தில் பட்டால் அப்படியே எகிறித் திரும்பும். ஈயம் நசுங்கும், அது நசுங்காது. விழிக்கோளம் கிழிந்து வருகிற கண்ணில் பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் முடிவதில்லை. அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொடுமுடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப நெசத் துப்பாக்கிக்கே எழுதிப் போட்டா என்ன?" லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காங்கயத்துப் பெரியவர்:

எங்கள் அப்பாரு காலத்திலிருந்து ஒற்றைக்குழல் 12 போர் வீட்டில் இருக்கிறது, இப்போது என் பேரில். எழுதிப் போடலாம், தப்பில்லை. கலெக்டர் ஆபீசில் மனு, தாசில்தார் அறிக்கை, போலீஸ் விசாரணை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் வைத்துப் பூட்ட இடம், இவ்வளவும் வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்டச் சொல்வார்கள். "தோட்டத்தில் தனியாக இருக்கிறோம்" என்பது மட்டும் போதாது என்று திருப்பி அனுப்பினவர்களும் உண்டு. கிடைத்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்குமுன் மூன்று வருடம்.

ஆனால் கிடைத்த பிறகு என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தவுடனே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு. நமக்கு ஓட்டுப்போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. அத்தனை நாளும் துப்பாக்கி ஸ்டேஷனில்தான். அப்புறம் உள்ளாட்சி, சட்டமன்றம் என்று வந்துகொண்டே இருக்கும். ஊரை விட்டு நாலு நாள் போனால் துப்பாக்கியை என்ன செய்வது என்று கவலை. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அதைத் திருடவே ஒருவன் வருவான். லைசென்ஸ் துப்பாக்கி திருட்டுப் போனால் நானல்லவா பதில் சொல்ல வேண்டும்.

இத்தனை வருடத்தில் ராத்திரி ஆபத்துக்கு என்று அதை நான் எடுத்ததில்லை. எங்கள் காட்டில் காவல் காத்தது கிளுவை வேலிதான். எங்கள் பக்கம் கொறங்காடு (மேய்ச்சல் காடு) முழுக்கக் கிளுவை முள்தான். நெருக்கமாக வளர்ந்த கிளுவையை வெட்டாமல் ஒருவனால் நுழைய முடியாது. இப்போது எல்லாரும் அதைத் தோண்டி எறிந்துவிட்டு நாலு கம்பி போட்டுக் கல்லுக்கால் நடுகிறார்கள். கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்ட ஒரு நிமிசம் ஆகாது. வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கருக்காவது கிளுவையைத் திரும்ப நட்டுவிடுங்கள். மழைக்கு முன்னால் போத்து (கிளைக்குச்சி) வெட்டி நட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கினிக்கோழியும் பத்து வளருங்கள். நாய்க்கு பிஸ்கட் போட்டுப் பழக்கலாம், கறியில் மருந்து வைக்கலாம். கினிக்கோழியை எவனும் பழக்க முடியாது. மரத்து மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊரைக் கூட்டும்.

சத்தி ரோடு எலக்ட்ரீசியன்:

பெரியவர் சொன்ன கிளுவைக்கு நான் கைதட்டுகிறேன். தயவுசெய்து யாரும் வேலியில் நேராகக் கரண்ட் விட வேண்டாம். யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள், விட்டவர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார். பன்றிக்கு அவுட்டுக்காய் (நாட்டு வெடி) வைப்பதும் அப்படித்தான்.

தோட்டத்து வீடுகளில் நான் முதலில் பார்ப்பது மீட்டர் பெட்டி. பாதி வீட்டில் வெளித் திண்ணையில் திறந்தே கிடக்கும். பீஸ் கேரியரைப் பிடுங்கினால் வீடு முழுக்க இருட்டு. "கரண்ட் போச்சா, பீஸ் போச்சா" என்று பார்க்கப் பெரியவர் டார்ச்சோடு கதவைத் திறந்து வெளியே வருவார். அதற்காகத்தான் பிடுங்குகிறான். பெட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போடுங்கள். ராத்திரி உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போய், தூரத்து வீட்டில் விளக்கு எரிந்தால் வெளியே வராதீர்கள். உள்ளிருந்தபடியே போன் பண்ணுங்கள்.

அப்புறம் வெளிச்சம். வீட்டின் நாலு மூலையிலும் சோலார் சென்சார் லைட். ஈபி லைனோடு சம்பந்தமில்லாதது. ஆள் நடந்தால் எரியும். விலை அதிகமில்லை, ஏர்கன்னுக்கு ஆகிற காசில் நாலு மூலைக்கும் போட்டுவிடலாம். எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதையே கழற்றிக்கொண்டு போவான்.

மூன்றாவது சைரன். இதுதான் உங்கள் அப்பாவுக்கு வேண்டிய சாமான். 12 வோல்ட் சைரன், மோட்டார் ரூம் மொட்டைமாடியில். சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில். அழுத்தினால் இரண்டு தோட்டம் தாண்டிக் கேட்கும். குறி பார்க்க வேண்டாம், கை நடுங்கினாலும் பரவாயில்லை, யார் கண்ணும் போகாது. அக்கம்பக்கத்து நாலு தோட்டத்திலும் இதே மாதிரி ஒன்று போட்டு, ஒன்று அடித்தால் எல்லாரும் லைட்டைப் போட்டுவிட்டுச் சேர்ந்து வெளியே வர வேண்டும் என்று பேசி வையுங்கள். தனியாக ஒருத்தர் மட்டும் வரக் கூடாது.

நொய்யல்கரை:

பெப்பர் ஸ்பிரே பற்றி யாரும் சொல்லவில்லையே? அதற்கும் லைசென்ஸ் வேண்டாம்.

பவானி வக்கீல்:

ஏர்கன்னைவிட எவ்வளவோ மேல். நிரந்தரக் காயம் வருவது அபூர்வம். ஆனால் இரண்டு மூன்று மீட்டர்தான் போகும். காற்று எதிரில் அடித்தால் உங்கள் கண்ணிலேயே விழும். அறைக்குள் கடைசிக் கட்டத்தில் பயன்படும். வாய்த்தகராறில் அடிக்கிற சாமான் இல்லை. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அதை ஆபத்தான ஆயுதம் என்றே சொல்லியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஏட்டு:

நான் ரோந்து போன ஆள். எங்கள் கஷ்டத்தைச் சொல்கிறேன். 112-க்கோ 100-க்கோ போன் வரும். "கரட்டுக்காட்டுத் தோட்டம், வாய்க்கால் மேட்டிலிருந்து உள்ளே வாங்க" என்பார்கள். அந்தப் பெயரில் நாலு தோட்டம் இருக்கும். கதவு எண் கிடையாது, தெரு கிடையாது. இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை) எங்கே பிரிகிறது என்று இருட்டில் தேடிக்கொண்டிருப்போம். பதற்றத்தில் அவர்களுக்கும் வழி சொல்ல வராது.

அதனால் நாளைக்கே இதைச் செய்யுங்கள். உங்கள் அப்பா போனிலிருந்து வீட்டு வாசலில் நின்று மேப் லொக்கேசன் எடுத்து, உங்கள் ஸ்டேஷன் எண்ணுக்கும், பீட் (ரோந்து) பார்க்கும் காவலருக்கும், பக்கத்து நாலு தோட்டத்துக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்டேஷனுக்கு நேரில் போய், வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடு என்று எழுதிக் கொடுங்கள். ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போடும் பட்டாப் புத்தகம் இருந்தால் அதைக் கோயில் பக்கத்தில் வைக்கச் சொல்லாமல் உங்கள் வீட்டு வாசலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ரோந்துக்காரர் கையெழுத்துப் போடத் தினமும் வாசல் வரை வந்தாக வேண்டும். போலீசின் 'காவல் உதவி' செயலியை அப்பா போனில் போட்டு, அதில் இருக்கும் சிவப்பு அவசரப் பொத்தானை அம்மாவுக்கும் காட்டிக் கொடுங்கள்.

நகையைப் பற்றி யாருமே பேசவில்லை. தோட்டத்து வீட்டுக்கு வருகிறவன் நகைக்கும் பணத்துக்கும்தான் வருகிறான். லாக்கரில் வையுங்கள். வைத்தால் மட்டும் போதாது, வைத்தது ஊருக்குத் தெரிய வேண்டும். தேங்காய் போட வருகிறவர், கரும்பு வெட்ட வருகிறவர் காதில் விழும்படி "எல்லாத்தையும் பேங்க்ல வெச்சாச்சு" என்று நாலு தடவை சொல்லுங்கள். மஞ்சள் விற்ற பணத்தை அன்றைக்கே கணக்கில் போட்டுவிடுங்கள், வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது.

கோடைக்கு வெளியே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். புழுக்கம்தான், தெரியும். படுக்கையறைக்கு ஒரு ஏசி போட்டுக் கொடுங்கள். அதுவும் பாதுகாப்புச் செலவுதான்.

கொடுமுடிக்காரன்:

ஏட்டு ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. அப்பாவிடம் ஏர்கன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சைரன் என்றதும் அவருக்கே பிடித்துவிட்டது. அம்மா லாக்கருக்குச் சம்மதித்துவிட்டார், தாலிக்கொடியைத் தவிர. எலக்ட்ரீசியன் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். எங்களுக்கு ராத்திரியில் கரண்ட் நிற்காது என்று சொல்ல முடியாது. அவன் லைனையே வெட்டிவிட்டால் சைரன் அடிக்குமா?

சத்தி ரோடு எலக்ட்ரீசியன்:

அடிக்கும். ஈபி-யில் நேராகக் கொடுக்காதீர்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, சார்ஜரோடு. ஸ்கூட்டர் பேட்டரி அளவுதான் இருக்கும். 20 வாட் சைரன் என்றால் மூன்று மணி நேரம் விடாமல் அடிக்கும். பேட்டரியை மோட்டார் ரூமில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வையுங்கள், ஒயரைச் சுவருக்குள் பைப்பில் கொண்டுபோங்கள். சுவிட்ச் இரண்டு போடுங்கள், ஒன்று கட்டில் பக்கம், ஒன்று சமையல்கட்டில் அம்மா நிற்கிற இடத்தில். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், வாங்கின தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மாதா மாதம் அமாவாசை அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் முன்னமே சொல்லிவிட்டு.